நெல்லிக்கொல்லி ஓடையில் முங்கி

நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் வரலாறு முதலாளி பக்கம் சாய்ந்துவிடும் என்று ஒரு துண்டறிக்கையில் படித்திருக்கிறேன். அதை எழுதியவனும் நான்தான்.

முதல் அநியாயம் கப்பலில் நடந்தது. இலங்கையிலிருந்து எங்களைத் திருப்பி அனுப்பியபோது, தேயிலை பறித்தே முதுகு கூனிப்போன எங்கள் சனத்துக்குச் சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தார்கள். நடுக்கடலில் வேலைநிறுத்தம் அறிவித்தேன். கப்பலில் எனக்கு வேலை எதுவும் கிடையாது. இருந்தாலும் நிறுத்தினேன். கரையில் இறங்கியதும் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது அநியாயம், இந்த மலையில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, கொழுந்து நிறுக்கும் தராசில் நடந்தது. கூடைக்கென்று ஒரு கழிவு, ஈரத்துக்கென்று ஒரு கழிவு, அதற்கு மேலும் ஒரு கழிவு. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். கேட்டதற்கு என்றார்கள்.

மூன்றாவது அநியாயம் பாலம். நெல்லிக்கொல்லி ஓடைக்குப் பாலம் கேட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று உண்ணாவிரதம் இருந்தேன். நான் ஒன்றும் உண்ணவில்லை. அட்டைகள் என்னை உண்டன. பாலம் வந்தது. கல்வெட்டில் திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நாடாவை வெட்டக் கத்தரிக்கோல் நீட்டியவர் என்று எல்லாருடைய பெயரும் இருக்கிறது. அட்டைகளின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை.

நான்காவது அநியாயம் ஒரு மறியலில். எல்லாரையும் கைது செய்து வேனில் ஏற்றினார்கள். இடமில்லை என்று என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். வேனின் பின்னாலேயே நடந்து போய்ச் சிறை வாசலில் நின்றேன். உள்ளே விடவில்லை. கைதாகும் உரிமைக்காகத் தனியாக ஒரு மறியல் நடத்த வேண்டியதாகிவிட்டது.

ஐந்தாவது அநியாயம், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அன்னக்கொடிக்கு நடக்க இருந்தது. அதை நான் எப்படித் தடுத்தேன் என்பதுதான் இந்த வரலாறு. வெள்ளைக்கண்ணு புளுகுகிறான் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். புளுகுக்குச் சாட்சி இருக்காது. இதற்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அன்னக்கொடி எங்கள் லைனில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி வீட்டுக்காரி. புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆறு நாளும் கொழுந்து பறிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மரத்தட்டை எடுத்துக்கொண்டு ஓடைக்கு வருவாள். எங்கள் ஓடை மண்ணில் தங்கம் உண்டு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் மலையைக் குடைந்து தேடிய தங்கம்தான். மழை அதில் கொஞ்சத்தைக் கழுவிக் கொண்டுவந்து ஓடையில் போடுகிறது. வண்டலை அள்ளித் தட்டில் போட்டு, தண்ணீரில் வைத்துச் சுற்றிச் சுற்றி அலசினால் மண் போகும், கூழாங்கல் போகும், கடைசியில் கருமணல் நிற்கும். அந்தக் கருமணலுக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு மினுக்கு. முழு நாளும் குனிந்து எடுத்தாலும் ஒரு மூக்குத்திக்குப் பற்றாது. சட்டம் இதையும் திருட்டு என்றுதான் சொல்கிறது. ஆனால் தட்டைக் கண்டால் வனத்துறைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

தட்டு வேறு, மோட்டார் வேறு. ஓடை வளைகிற இடத்தில், உண்ணிப்புதருக்குள் யாரோ ஒரு மோட்டாரை இறக்கி, ஆள் தொடை மொத்தத்தில் குழாய் போட்டு, ஓடையின் வயிற்றையே உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ‘யாரோ’ என்று நான் எழுதுவது மரியாதைக்காக அல்ல. கல்குவாரி ஒப்பந்தக்காரர் பவுன்ராஜின் லாரிக்கு என்ன நீலமோ அதே நீலம்தான் அந்தக் குழாய்க்கும். மனுப் போட்டவன் நான். மனுவைப் படித்துவிட்டு வனவர் இளம்பரிதி வந்தார். சின்ன வயசு, நல்ல சட்டை. அவர் வருகிற செய்தி அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆட்கள் ஓடிவிட்டார்கள். மிஞ்சியது மோட்டார், குழாய், தங்கம் படிய வைக்கும் தகரப்பெட்டி, அதற்குள் விரித்த பாய். பக்கத்தில் தண்ணீர் ஏன் கலங்கி வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்ற அன்னக்கொடி, இடுப்பில் தட்டோடு.

நான் போய்ச் சேர்ந்தபோது வனவர் ஒரு பாறையில் உட்கார்ந்து பறிமுதல் மகஜர் எழுதிக்கொண்டிருந்தார். மகஜர் என்றால், இன்ன இடத்தில் இன்ன பொருளை இன்னாரிடம் பிடித்தோம் என்று அங்கேயே எழுதி, சாட்சிகளுக்கு உரக்கப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது. சாட்சிக்கு இரண்டு பேரைப் பிடித்து வைத்திருந்தார். ஒருவர் பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் குஞ்ஞாலி காக்கா. மற்றவர் சலூன் சிங்காரம். பாதி சவரம் செய்த முகம் ஒன்றைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

“உன் பேரு?” என்று வனவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எதுக்கு சார் பேரு? நான் தண்ணி பாக்க வந்தேன்” என்றாள் அன்னக்கொடி. குரல் கெட்டியாகத்தான் இருந்தது. தட்டை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அவள் பயம் எனக்குத் தெரியும். தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கில் பெயர் விழுந்தால் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், பெயர் எழும்பாது. பெயர் எழும்பாவிட்டால் லைன் வீடு கிடையாது. ஆகவே அந்தப் பாறையில் எழுதப்பட இருந்தது ஒரு பெயர் அல்ல, ஒரு வீடு.

“வனவரே, நிறுத்துங்கள்!” என்று மேடையில் பேசும் குரலில் சொன்னேன். “இது ஒப்பந்தக்காரர் பவுன்ராஜின் மோட்டார்.”

வனவர் பேனாவை நிமிர்த்தினார். “பெரியவரே, நீங்க பாத்தீங்களா?”

“நிறத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?”

“நிறத்தை மகஜர்ல எழுத முடியாது. சாட்சி சொல்லட்டும், எழுதறேன்.” சாட்சிகளைப் பார்த்தார்.

குஞ்ஞாலி காக்கா வானத்தைப் பார்த்தார். அவர் டீக்கடை இருக்கும் கட்டடம் பவுன்ராஜுடையது. சிங்காரம் தன் செருப்பைப் பார்த்தார். அவர் மைத்துனன் பவுன்ராஜ் குவாரியில் கல் உடைக்கிறான்.

தோழர்களே, உண்மைக்குச் சாட்சி கிடைக்காத இடத்தில் ஒரு போராளி என்ன செய்வான்? நான் செய்ததைச் செய்வான்.

“அப்படியானால் எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன். “இந்தக் கருவி என்னுடையது. நானே கண்டுபிடித்தேன், நானே செய்தேன். பெயர் முங்கி.”

“யாரு, நீங்களா?” அன்னக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். “அண்ணே, உங்க வீட்டு டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாத்தக்கூட என்னையத்தானே கூப்புடுறீங்க!”

“பெரிய காரியம் செய்பவனுக்கு பேட்டரி மாற்ற நேரமிருக்காது.”

“எடோ சகாவே,” என்றார் குஞ்ஞாலி காக்கா, “இதுல எந்தப் பாகம் நீ செஞ்சது? சொல்லு, கேக்கட்டும்.”

தோழர் என்பதை மலையாளத்தில் ‘சகாவே’ என்று கூப்பிடும் காக்கா எனக்கு முப்பது வருட நண்பர். நான் சொல்வதை ஒரு நாளும் நம்பியதில்லை. அதனால்தான் அவர் கடையில் டீ குடிக்கிறேன்.

நான் பாறையில் வனவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சொன்னேன்: முங்கியின் வாய் எங்கள் சங்கத்து ஒலிபெருக்கிக் குழாய். வாழ்நாளெல்லாம் வெளியே கத்திக் கத்தி ஒரு பலனும் காணாத வாய். இனிமேல் உள்ளே இழுக்கட்டும் என்று திருப்பி மாட்டினேன். நுரையீரல், ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் பழைய காற்றாடி. வயிறு, மேலாளர் பங்களா வாசலில் கிடந்த மிதியடி. எத்தனையோ தலைமுறை தொழிலாளியின் கால் மண்ணைப் பிடித்துப் பழகிய மிதியடி, தங்கத்தை விடுமா? மூட்டுகளுக்குப் பலாப்பிசின். ஆற்று நீருக்கு அடியில் போட்டால் மூழ்கிக் கிடந்து, வண்டலை உறிஞ்சி, மண்ணை வாலால் துப்பி, பொன்னை மட்டும் வயிற்றில் வைத்துக்கொள்ளும்.

“கரன்ட்டு?” என்றார் சிங்காரம்.

“கரன்ட்டா? நம் லைனுக்கே கிடையாதே, ஓடைக்கு யார் கொடுப்பார்கள்? துண்டறிக்கையில் ஓடும். ஒரு துண்டறிக்கையைச் சுருட்டி உள்ளே போட்டால் ரத்தம் கொதித்துப் புறப்பட்டுவிடும். ‘திரண்டு வாரீர்’ என்ற வரி போதும், இங்கிருந்து பாலம் வரை போகும். ஆச்சரியக்குறி மட்டும் பார்த்துப் போட வேண்டும். ஒரு தடவை மூன்று ஆச்சரியக்குறி விழுந்துவிட்டது. கரையேறி, ரேஷன் கடை வரைக்கும் போய்த்தான் நின்றது.”

“எங்க சங்கத்து நோட்டீஸ் போட்டா?” சிங்காரம் எதிர்ச் சங்கத்துக்காரர்.

“போட்டுப் பார்த்தேன். பின்பக்கமாகப் போனது.”

காக்கா சிரித்துவிட்டார். வனவர் எழுதவில்லை, ஆனால் பேனாவை மூடவும் இல்லை. அன்னக்கொடி தட்டைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பெயர் இன்னும் எழுதப்படவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும் வரை எழுதப்படாது. ஆகவே பேசினேன்.

“முதல் நாள் முங்கி எடுத்த தங்கம் ஒரு தீப்பெட்டி. இரண்டாம் நாள் ஒரு குடம். மூன்றாம் நாள் அது வெள்ளைக்காரன் தோண்டிய குழிக்குள் போய்விட்டது. அங்கே பழைய தங்கக் கம்பெனி துரை ஒருவர் எலும்பாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, லண்டன் நேரத்துக்கு. வாயெல்லாம் தங்கப்பல். முங்கி பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு வந்தது.”

“எலும்புக்கு எதுக்கு டைமு?” என்றாள் அன்னக்கொடி.

“ஆட்கள் எப்போது வேலைக்கு வருகிறார்கள் என்று பார்ப்பதற்கு. செத்தால் விட்டுவிடுவார்களா துரைமார்?”

“அது சரிதான்” என்றார் சிங்காரம் தன்னை மறந்து.

“நான்காம் நாள் மீன். பொடித்தங்கம் தின்று வளர்ந்த ஓடை மீன் எல்லாம் முங்கி பின்னால் ஊர்வலம் வந்தது. ஒரு மீனைக் குழம்பு வைத்தேன். சட்டி மூடியைத் திறந்தால் வீட்டுக்குள் விடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது.”

“சகாவே, அந்த வாரம் உன்கிட்ட மீன் வாங்கினது நான். முள்ளுதான் இருந்துச்சு.”

“முள் என்ன நிறம், காக்கா?”

காக்கா யோசித்தார். நியாயமான மனிதர். “மஞ்சள் பூசித்தான் வறுத்தேன்” என்றார்.

“பூசினீர்களா, பூசியிருந்ததா?”

அவர் மறுபடியும் யோசிக்கப் போய்விட்டார். நான் வனவர் பக்கம் திரும்பினேன்.

“இதெல்லாம் சின்ன விஷயம் வனவரே. முங்கியின் இழுப்பு நாளுக்கு நாள் ஏறியது. இந்த ஓடை எங்கே போகிறது? கீழே மலையாளத்துக்கு. அங்கே ஆறாகிக் கடலுக்கு. அந்த வழி முழுக்க இழுப்பு போய்விட்டது. கோழிக்கோட்டில் ஒரு நகைக்கடையில் நெக்லஸ் எல்லாம் வெல்வெட்டை விட்டு எழுந்து, கிழக்கே பார்த்து நின்றன. கடைக்காரர் எல்லாவற்றையும் நாய்ச் சங்கிலியில் கட்டிப் போட்டார். ஆற்றங்கரையில் ஒரு கல்யாண மண்டபம். மணப்பெண் கழுத்து நிறைய நகை. நகை இழுக்க, பெண் வந்தாள். பெண் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு மாமனார். பின்னால் பந்தி முழுக்க, இலையைக் கையில் ஏந்தியபடி. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு எல்லாம் ஏறி, ஒரு வளைவில் பஸ்ஸை முந்தி, இதோ, இந்த வளைவில் வந்து நின்றார்கள்.”

“பிரியாணி?” என்றார் காக்கா. அவர் பாதி நம்பிக்கொண்டிருந்தார்.

“அண்டா அண்டாவாக வந்தது. அடி பிடித்திருந்தது, அவ்வளவுதான். லைன் முழுக்கச் சாப்பிட்டது.”

“எனக்கு வரலியே” என்றாள் அன்னக்கொடி.

“நீ அன்றைக்கு நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தாய்.”

“எனக்கு நாத்தனாரே கெடையாது!”

“அதனால்தான் போன இடத்திலிருந்து திரும்பி வர நேரமாகிவிட்டது.”

வனவர் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்ததற்காக உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். “சரி பெரியவரே. இவ்வளவு தங்கம் எடுத்தீங்களே. எங்க அது? காட்டுங்க. காட்டினா உங்க பேரை எழுதறேன். இல்லேன்னா நின்னவங்க பேரைத்தான் எழுதணும். ரிப்போர்ட் இன்னிக்கே போயாகணும், குத்தம் பண்ணவர் பேரு எழுதற ‘எதிரி’ங்கற கட்டம் காலியா இருக்கக்கூடாது.” பேனா மறுபடியும் தாளைத் தொட்டது. அன்னக்கொடி எழுந்து நின்றுவிட்டாள்.

“தங்கம் பொதுச் சொத்து” என்றேன் அவசரமாக. “நான் தொடவில்லை. லைன் வீடுகளுக்குக் கூரை போட்டேன்.”

“எந்த லைனுக்கு?”

“எங்கள் லைனுக்கு. முழுக்க முழுக்கத் தங்கக் கூரை.”

“என் வீட்டு மூலையில மூணு எடத்துல ஒழுகுதுண்ணே!” அன்னக்கொடிக்குத் தன் பயம் மறந்து கோபம் வந்துவிட்டது. “சட்டி வச்சிருக்கேன். வந்து பாருங்க சார்!”

“ஒழுகத்தான் செய்யும்” என்றேன். “தோட்டத்து லைனுக்குத் தங்கத்தில் கூரை போட்டாலும் ஒழுகும். போட்டது நான், மேஸ்திரி தோட்டத்து ஆள். தங்கத்தோடு சேர்ந்தே ஒழுகித் தீர்ந்துவிட்டது. உன் சட்டியில் விழுந்ததை நீ சாக்கடையில் ஊற்றினாய்.”

சிங்காரம் தலையை ஆட்டினார். “எங்க லைனும் ஒழுகுது சார். கூரைன்னாலே ஒழுகும்.” இது அவர் சொந்த அனுபவம். சாட்சி ஒன்று என் பக்கம் வந்துவிட்டது என்று அறிந்துகொண்டேன்.

“அப்ப முங்கிய எடுங்க. ஓட்டிக் காட்டுங்க” என்றார் வனவர். “இதோ கெடக்கே.”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அந்த மோட்டாரை எந்தப் பக்கம் திருகினால் ஓடும் என்றுதான் தெரியாது.

“அது முங்கி இல்லை” என்றேன். “முங்கி கழற்றிப் போட்ட சட்டை. பாம்பு உரிப்பதில்லையா?”

“அப்ப முங்கி?”

“வேலைநிறுத்தத்தில் இருக்கிறது.”

நான் எழுந்து நின்றுகொண்டேன். இனிச் சொல்ல வேண்டியதை உட்கார்ந்து சொல்ல முடியாது.

“அத்தனை துண்டறிக்கை தின்றால் என்ன ஆகும் வனவரே? ஒரு திங்கட்கிழமை, நடு ஓடையில் முங்கி நின்றுவிட்டது. அடியிலிருந்து குமிழி வந்தது. ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து வெடிக்கும்போது ஒரு சொல் சொன்னது. காதை வைத்துக் கேட்டேன். ‘எட்டு மணி நேர வேலை.’ அடுத்து, ‘ஞாயிறு விடுமுறை.’ அடுத்து, ‘பாசி வழுக்கி விழுந்தால் நிவாரணம்.’ நான் புல்லரித்துப் போனேன். ‘வாழ்க தோழர் முங்கி!’ என்று கோஷம் போட்டேன். பெரிய குமிழி ஒன்று வந்து என் முகத்துக்கு நேராக வெடித்தது. ‘முதலாளி வெள்ளைக்கண்ணு ஒழிக!’”

“ஐயையோ” என்றார் காக்கா.

“என் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்! அதுவரை மேசைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலாளர்கள் என்னிடம் என்ன சொன்னார்களோ அதையே சொன்னேன். ‘பரிசீலிக்கிறோம்’ என்றேன். ‘குழு அமைக்கிறோம்’ என்றேன். ‘நீங்கள் எல்லாரும் எனக்குக் குடும்பம் மாதிரி’ என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொன்னதும் ஓடையிலிருந்த நண்டு எல்லாம் வெளியே வந்து என்னைச் சுற்றி வளைத்து உட்கார்ந்துவிட்டன. கெரோ. பொழுது சாயும் வரை. ஒன்றுக்குப் போகக்கூட விடவில்லை.”

“நண்டா?” வனவர் தன்னையறியாமல் கேட்டார்.

“அதுகளையும் சங்கத்தில் சேர்த்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கி ஓட்டுப் போடும் ஒரே உறுப்பினர்கள். எல்லாக் கோரிக்கையிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் தோற்ற ஒரே போராட்டம், நான் நடத்தாத போராட்டம். அதன் பிறகும் முங்கி என்னிடம் இருக்கவில்லை. சட்டையைக் கழற்றி இங்கே போட்டுவிட்டு, மற்றக் கருவிகளைத் திரட்டப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரியில் உருளை ஓட மாட்டேன் என்கிறதே, யார் வேலை அது? பவுன்ராஜ் குவாரியில் கல்லுடைக்கும் மெஷின் மாதம் ஒரு முறை படுத்துவிடுகிறதே, யார் வேலை?”

“ஆமா சார்” என்றார் சிங்காரம், கண் விரிய. “மச்சான் சொல்வான். காரணமே தெரியாதாம். சும்மா நின்னுடுமாம்.”

வனவர் குல்லாயைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அவர் நிலைமையை அவரே உரக்க எண்ணிப் பார்த்தார். எண்ணும்போது எங்களை மறந்துவிட்டார். “பவுன்ராஜ் பேரை எழுத சாட்சி இல்ல. எழுதினாலும் நான் இங்க இருக்க மாட்டேன். இந்தம்மா பேரை எழுதலாம். ஆனா ரெண்டு சாட்சி முன்னாடி இன்னொருத்தர் கருவி என்னுதுன்னு சொல்லிட்டார். கோர்ட்டுல கேப்பாங்க. சரி, உங்க பேரையே எழுதிடலாம்னா...” என்னைப் பார்த்தார். “நாளைக்கு எங்க ஆபீஸ் வாசல்ல என்ன பண்ணுவீங்க?”

“பந்தல் போடுவேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“கைது செய்தால் விடுதலை செய்யும் வரை. விடுதலை செய்தால் கைது செய்யும் வரை.”

“இவரு சொன்னா செய்வாரு சார்” என்றாள் அன்னக்கொடி. “பாலத்துக்கு அட்டை கடிச்சு நின்னவரு. அத நான் கண்ணால பாத்தேன்.”

அவள் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பனி அதிகம் அன்றைக்கு.

வனவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. உண்மையச் சொல்லுங்க. அந்த முங்கியப் பாத்திருக்கீங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நீலக் குழாயைப் பார்த்தாள். பிறகு லைன் இருக்கும் மேட்டைப் பார்த்தாள். அங்கே அவள் வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. காலையில் வைத்த உலை.

“ஏன் பாக்காம?” என்றாள் அன்னக்கொடி. “தட்டு கழுவ குனிஞ்சா காலைப் புடிச்சுக்கும் சார். சந்தா கட்டுனாத்தான் விடும்.”

நான் புளுகத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. பொறாமையாக இருந்தது.

“ரசீது குடுக்குமா?” என்றார் காக்கா.

“நண்டுதான் கிழிச்சுக் குடுக்கும்.”

வனவர் குனிந்து எழுதத் தொடங்கினார். வேகமாக, நிறுத்தாமல் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன், தோளால் மறைத்துக்கொண்டார். ஒரு தாள் நிறைந்தது. அடுத்ததில் பாதி. இத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு, ஒரு அரசாங்கத் தாளில், என் பெயர், என் கண்டுபிடிப்பின் பெயரோடு ஏறப்போகிறது. கைவிலங்குக்குக் கையைத் தயாராக முன்னால் நீட்டி வைத்தேன். தோழர்களே, அந்த நேரத்தில் நான் எவ்வளவு உயரமாக நின்றேன் என்றால், பாலத்தின் கைப்பிடி என் முழங்காலுக்குத்தான் வந்தது.

“கையக் கீழ போடுங்க பெரியவரே. சாட்சிங்க ரெண்டு பேரும் கிட்ட வாங்க. படிக்கறேன், சரியான்னு சொல்லிட்டு கையெழுத்துப் போடுங்க.”

குஞ்ஞாலி காக்கா வந்தார். சிங்காரம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். உண்மை கேட்டபோது வானத்தையும் செருப்பையும் பார்த்தவர்கள், இப்போது ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு முன்னால் நின்றார்கள்.

வனவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். “நெல்லிக்கொல்லி ஓடை வளைவில், கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றப்பட்டவை: எதிரி கழற்றிப் போட்டுச் சென்ற நீல நிற மேற்சட்டை ஒன்று, இரும்பு உள்ளாடை ஒன்று, தகரப்பெட்டி ஒன்று, பாய் ஒன்று. மேற்படி எதிரியைச் சம்பவ இடத்தில் தட்டு கழுவ வந்த பெண்மணியும் நேரில் கண்டு, சந்தா விவரம் கூறியுள்ளார். அவர் இவ்வழக்கில் சாட்சி மட்டுமே. எதிரி தற்போது தலைமறைவு. தொழில், தொழிற்சங்கம்.”

“சரிதான்” என்றார் சிங்காரம்.

“கரெக்ட்” என்றார் காக்கா. “ஆளு பேரு வரலியே?”

“வருது” என்றார் வனவர். தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அக்கரைக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் படித்தார்:

“எதிரியின் முழுப் பெயர்: வெ. முங்கி.”